மைனர் பிடி

4 மார்ச் 2001, ஞாயிறு

குடியரசு தினத்தன்று காலையில் குஜராத்தில் பூமி அதிர்ந்து, ஊர் ஊராக மண்ணுக்குள் போனது. அடுத்த மாதக் கடைசியில் எங்கள் தங்கவயலில் மைன்ஸை மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆல்பர்ட் செத்துப்போனான். அந்த வருடம் இது. தேதியும் கிழமையும் ரோஸ்லின் போட்டது. எனக்குத் தேதி தெரியாது. எதற்கு முன்னால் எது நடந்தது என்று கேட்டால் சொல்வேன்.

நான் சொல்ல ரோஸ்லின் எழுதுகிறாள். ஆல்பர்ட்டின் பெண்சாதி. மைன்ஸ் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு. கான்வென்ட்டில் டீச்சராக இருந்தவள். நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், அவள் அதை நல்ல தமிழாக்கிப் போடுகிறாள். படித்துக் காட்டும்போது யாரோ கௌரவமான ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த டைரி என் ஆசை இல்லை. ஏகாம்பரம் பெங்களூரிலிருந்து வரவழைத்த கிட்டார் சுயபோதினியில், கற்றுக்கொள்கிறவர் அன்றன்றைய பயிற்சியை எழுதி வைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதாம். எழுதத் தெரியாதவன் கிட்டார் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் போடல. எழுதுன்னு போட்டுக்கீது, எழுது" என்றான்.

ஏகாம்பரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவன் கட்டில், இந்தப் பக்கம் என் கட்டில். அவன் நெஞ்சில் கல் தூசி. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதனால் அவன் வாத்தியார், நான் மாணவன் என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

எழுபத்து நாலு வயதில் எதற்குக் கிட்டார் என்று லைனில் எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவில்லை. டைரிக்குச் சொல்கிறேன்.

அண்டர்கிரவுண்டில் நாங்கள் ஐந்து பேர் ஒரு கேங். சூசைநாதன், கன்னியப்பன், ஆல்பர்ட், ஏகாம்பரம், நான் பிலவேந்திரன். சீனச் சண்டை வந்த வருடம் பாறை வெடித்து சூசைநாதன் கீழேயே நின்றுவிட்டான். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் ஆள் ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வந்து இறங்கிய பிறகும் கன்னியப்பன் போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "சூசைநாதன் ஏறிட்டானா, ஏறிட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிணம் மேலே வந்து, குழியில் இறக்கும்போது ஆல்பர்ட் கிட்டாரைத் தட்டி அந்தக் கேள்வியையே பாட்டாக்கிவிட்டான். ஊரைவிட்டுப் போன ஃபோர்மன் துரை கொடுத்துவிட்டுப் போன கிட்டார் அது. அன்றிலிருந்து அது எங்கள் வழக்கம். எங்களில் ஒருத்தன் போனால், போனவர்கள் பெயரை எல்லாம் வரிசையாக ஒருத்தன் கேட்பான்.

விளக்கு வந்தாச்சு, பில்லை வந்தாச்சு,
சூசைநாதன் ஏறிட்டானா?

மற்றவர்கள் "ஏறிட்டான்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆள் மேலே வந்த கணக்கு. பில்லை என்பது நாங்கள் இறங்கும்போது வாங்கிப்போய், ஏறியதும் திருப்பிக் கொடுக்கிற பித்தளை வில்லை. உயிரோடிருக்கிறவன் பெயரை அதில் கேட்கக் கூடாது. சாவு இல்லாத நாளில் பாடவும் கூடாது.

ஆல்பர்ட் சாவில் கிட்டார் வாசிக்க ஆல்பர்ட் இல்லை. நானும் ஏகாம்பரமும் வெறும் வாயால் பாடினோம். பிடித்து நிறுத்தக் கிட்டார் இல்லாததால் குரல் மேலே மேலே போயிற்று. ஆல்பர்ட்டுக்கு முன்பே போய்விட்ட கன்னியப்பன் பெயரைக் கேட்டேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஏகாம்பரத்துக்கு மூச்சு நின்று இருமல் வந்தது. நான் கவனிக்காமல் ஆல்பர்ட் பெயருக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் சொன்னான்: "கன்னியப்பன் கீழயே நின்னுட்டான்டா மச்சான். நான் போறன்னிக்கு ஒழுங்கா வாசிச்சு ரெண்டு பேரையும் ஏத்து."

அதனால்தான்.

7 மார்ச், புதன்

ரோஸ்லின் கிட்டாரைத் துடைத்து எடுத்துவந்து கொடுத்தாள். விரிசல் விட்ட இடத்தில் ஆல்பர்ட் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது. ஆறு தந்தியும் இருக்கிறது. புதுத் தந்தி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதில் அவன் விரல் அழுக்கு இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எழுதிவிட்டாளே.

11 மார்ச், ஞாயிறு

சுயபோதினியில் பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்ட படம். நெடுக்கே ஆறு கோடு, குறுக்கே சில கோடு, நடுவில் கறுப்புப் புள்ளிகள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மைன்ஸ் ஆபீஸில் மாட்டியிருக்கும் படம்தான் இது. நெடுக்கே இறங்குவது ஷாப்ட். குறுக்கே போவது லெவல். புள்ளி வைத்த இடத்தில் ஆள் நிற்க வேண்டும். எழுத்தே வேண்டாம் என்று சந்தோஷமாகப் போயிற்று.

நாலு நாளாக அப்படியே பிடித்து அடித்தேன். நாராசம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏகாம்பரம் ஒரு தட்டுத் தட்டுவான். மறுபடி அடித்தால் மறுபடி ஒரு தட்டு. அது கேஜ் மணிக் கணக்கு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு, இறக்கு. மூன்று தட்டு, ஆள் ஏறுகிறான். மைன்ஸில் இருந்த எவனுக்கும் இது தூக்கத்தில்கூடத் தெரியும்.

இன்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் கட்டிலுக்கே போனேன். படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். இடப்பக்கக் கோடு தடித்த தந்தி. நான் முழுக்கத் தலைமாற்றிப் பிடித்திருந்தேன். கிழக்கு ஷாப்டில் நிற்க வேண்டியவனை மேற்கில் நிறுத்தியிருக்கிறேன்.

அந்த ஒரு வரியைப் படித்து முடித்ததும் ஏகாம்பரம் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

13 மார்ச், செவ்வாய்

இன்றைக்கும் ஒரு வரிதான் படிக்க முடிந்தது.

18 மார்ச், ஞாயிறு

புத்தகம் சரிவராது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பக்கம் படிக்க ஏகாம்பரத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. புத்தகம் முழுக்க முடிவதற்குள் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். ரோஸ்லினைப் படிக்கச் சொல்லலாம். ஆனால் ஏகாம்பரம் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். அவனிடமிருந்து அதை எப்படிக் கேட்டு வாங்குவது? (இங்கே நெடுநேரம் இருமினார்.)

கேசட் ஏதாவது இருக்கிறதா பார்க்கிறேன், உனக்கும் சிரமம் இருக்காது என்று பக்குவமாகத்தான் சொன்னேன்.

"நான் பூட்டா யாரு படிச்சுச் சொல்றதுன்னு பயம். நேரா சொல்லேன்" என்றான்.

அப்படி எல்லாம் நான் நினைக்கவில்லை.

20 மார்ச், செவ்வாய்

ராபர்ட்சன்பேட்டை போய் வந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜலீல் பாய் வைத்திருக்கும் பாட்டுக் கடை. வழியில் கடைகளில் பாதி மூடிக் கிடக்கிறது. மைன்ஸ் ஆட்கள் கையில் சம்பளம் வராது என்று கடைக்காரர்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

யாருக்கு வேண்டும், பேரனுக்கா என்று கேட்டார் பாய். எனக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அங்கே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பெரிய புத்தகம் ஒன்று எடுத்துப் போட்டார். வழவழ தாள், முழுக்க இங்கிலீஷ். அடுத்து ஒரு விசிடி. கடையில் இருந்த டிவியில் போட்டுக் காட்டினார். பூனை மாதிரி மெத்தென்ற கைகள், கேமராவைப் பார்த்துக்கொண்டே தந்தி மேல் ஓடின. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எந்த விரல் எங்கே போயிற்று என்று பிடிபடவில்லை. என்னிடம் விசிடி போடுகிற பெட்டியும் இல்லை. கடைசியாக இரண்டு கேசட் அடங்கிய ஒரு டப்பா. பெங்களூர்க்காரர் ஒருவர் தமிழில் பேசிக்கொண்டே சொல்லித்தருகிறாராம்.

முதல் பாடம் எந்த விரல் பிடியிலிருந்து ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இங்கிலீஷ் புத்தகம் சி மேஜர். விசிடியும் சி மேஜர். கேசட்?

பாய் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "ஈ மைனர்" என்றார்.

மைனரா என்று திருப்பிக் கேட்டேன். ஆமாம், ஈ மைனர், அப்புறம் ஏ மைனர் என்றார். நான் இருபத்தெட்டு வருடம் மைன்ஸில் பாறை வெட்டிய மைனர். பில்லையிலேயே அப்படித்தான் வெட்டியிருக்கும். எங்கள் ஆட்களுக்கென்று தனியாகப் பிடி வைத்திருக்கிறான் பெங்களூர்க்காரன் என்று நினைத்து, அதையே கொடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஏகாம்பரத்திடம் சொன்னதும் இருமலையும் மீறிச் சிரித்தான்.

"மேஜர் எல்லாம் மிலிட்டரிக்கு மச்சான். நமக்கு மைனர்தான். கரெக்டாத்தான் வாங்கியாந்துகீற."

அந்த மைனர் வேறு, இந்த மைனர் வேறு என்று இதை எழுதும்போது ரோஸ்லின் சொல்கிறாள். சோகத்துக்கு மைனர் பிடி, சந்தோஷத்துக்கு மேஜர் பிடியாம். ஆல்பர்ட் எங்கள் பாட்டை எதில் வாசித்தான் என்று கேட்டேன். மைனரில்தான் அண்ணே என்றாள்.

பிறகு என்ன வித்தியாசம்?

25 மார்ச், ஞாயிறு

பழைய டேப்ரிக்கார்டர். இரண்டு பேட்டரியில் ஓடும். வீட்டில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் பேட்டரிதான். பெங்களூர்க்காரருக்கு நல்ல கனத்த குரல், அவசரமே இல்லை. முதலில் தந்திகளைச் சுருதி கூட்டச் சொல்கிறார். ஆறு சத்தம் கொடுக்கிறார். ஒவ்வொன்றோடும் நம் தந்தியை ஒட்டவைக்க வேண்டும். அதில் எனக்குச் சிரமம் இல்லை. பாறையைக் கம்பியால் தட்டி, உள்ளே உறுதியாக இருக்கிறதா, பொள்ளலா என்று காதால் பார்த்த ஆள் நான்.

மோதிர விரலை இரண்டாவது கட்டத்தில் வையுங்கள் என்கிறார். என் இடது மோதிர விரல் பாதி கீழே கிடக்கிறது. மரம் முட்டுக் கொடுக்கும்போது போனது. சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன். சுண்டு விரல் வேலைக்குப் புதிது. நடுங்குகிறது.

28 மார்ச், புதன்

விரல் நுனியில் ரத்தம். முன்னே மாதிரி சங்கு ஊதினால் நிறுத்தலாம். இப்போது எப்போது நிறுத்துவது என்றே தெரியவில்லை.

1 ஏப்ரல், ஞாயிறு

ஈ மைனர் வந்துவிட்டது. அதிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது கை தடுமாறுகிறது. ஒரு பேர் கேட்டு, பதில் வாங்கி, அடுத்த பேருக்குப் போகிற நேரம்தான் அது. அங்கே தடுமாறினால் மறுபடி ஒருத்தன் விட்டுப்போவான்.

வார்த்தை இல்லாமல்தான் வாசிக்கிறேன். சாவு இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, ஒவ்வொரு தடவை கை சரியாக விழும்போதும், ஆகிவிட்டது, இனி அவன் போகலாம் என்று நானே சொல்கிற மாதிரி இருக்கிறது. சரியாக விழாவிட்டால், அதற்குள் போய்விடுவானோ என்று பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன். (இருமல். தண்ணீர் கொடுத்தேன்.)

8 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

ஏகாம்பரம் டைரியைக் கேட்டான். அவன் மகள் தமயந்தி வந்து வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் போனபோது மடியில் விரித்து வைத்திருந்தான்.

"உன் டைரில உன்னைவிட உன் இருமல்தான் நெறைய பேசுது" என்றான்.

அப்போதுதான் எனக்கே தெரியும், ரோஸ்லின் இருமலையும் எழுதி வைத்திருக்கிறாள் என்று. பனிக்காலத்து இருமல்தான் அது, வெயில் வந்தால் போய்விடும். எக்ஸ்ரே எடுத்தியா என்றான். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன தெரியும்? அவனுடையதை எடுத்து என்ன தெரிந்தது?

ரோஸ்லினிடம் இனிமேல் இருமலை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். இதை எழுதும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

13 ஏப்ரல், பெரிய வெள்ளி

கிட்டாரைத் தொடவில்லை. சுவரிலும் சத்தம் இல்லை. மத்தியானம் வரை பொறுத்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சு ஏறி இறங்குவது தெரிகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன். தமயந்தி, "இன்னா பெரிப்பா?" என்றாள். தீப்பெட்டி வாங்க வந்தேன் என்றேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

22 ஏப்ரல், ஞாயிறு

இன்று நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கிட்டாரை எடுத்துக்கொண்டு அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஈ மைனர், ஏ மைனர், திரும்ப ஈ மைனர். தடுமாறவில்லை. மூன்றாவது சுற்றில் கன்னியப்பன் பெயர் வருகிற இடம். நான் வாயே திறக்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவன்,

"ஏறிட்டான்" என்று பாடினான்.

பேச்சு இல்லை, பாட்டு. முழுசாக, மூச்சு அறுந்துபோகாமல். போன வருடக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் குரல் அப்படி நின்று நான் கேட்டதே இல்லை. தமயந்தி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். சாவுப் பாட்டை நல்ல நாளில் பாடுவீர்களா என்று இரண்டு பேரையும் திட்டினாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"கன்னியப்பன் பாக்கி இருந்தான். அவன ஏத்திட்டேன், அவ்ளோதான்" என்றான் ஏகாம்பரம்.

6 மே, ஞாயிறு

பேட்டரி தீர்ந்துபோனது. டேப்ரிக்கார்டர் இழுத்து இழுத்து முனகி நின்றுவிட்டது. பாய் கடையில் புதுசு வாங்கிப் போட்டேன்.

போட்டதும் பெங்களூர்க்காரர் வேறு ஆளாகப் பேசினார். கனத்த குரல் இல்லை. பத்து வயது குறைந்த மாதிரி, வேகமாக, மெல்லிசாக. ஆறு சத்தமும் என் தந்திகளை விட உயரத்தில் கேட்டது. என் கிட்டார் தளர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பஜனைக் கோயில் ஆர்மோனியக்காரர் லோகநாதனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பழைய பேட்டரியில் கேசட் மெதுவாக ஓடியிருக்கிறது. தடித்த தந்தி மூணு கட்டையில் இருக்க வேண்டும். நீங்கள் ரெண்டரையில் கூட்டி வைத்திருக்கிறீர்கள். எல்லாத் தந்தியும் அரைக் கட்டை தாழ்வு.

ஒன்றரை மாதமாக நான் கற்றுக்கொண்டது முழுக்கத் தப்பான உயரத்தில். ஆல்பர்ட் எப்படி வாசித்தான் என்று கேட்டேன். அவர் மூணு கட்டையில்தான் வைத்திருப்பார், எல்லோரும் அப்படித்தான் என்றார். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாசிக்கப்போகிறீர்கள், சரி பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பயந்து பயந்து முறுக்கினேன். ஆல்பர்ட்டின் பழைய தந்தி அறுந்துபோனால் என்ன செய்வது என்று ஒவ்வொரு முறுக்குக்கும் நிறுத்தித் தடவிப் பார்த்தேன். அறவில்லை.

7 மே, திங்கள்

புது உயரத்தில் வாசித்தேன். சரியாக இருந்தது. ஆல்பர்ட் வாசித்த மாதிரியே இருந்தது.

சுவரில் இரண்டு தட்டு.

புரியாமல் மறுபடி வாசித்தேன். மறுபடி இரண்டு தட்டு. தட்டு தப்பிவிட்டதோ, ஒன்று தட்டப் போய் இரண்டாகிவிட்டதோ என்று எழுந்து போனேன். ஏகாம்பரம் வியர்த்து உட்கார்ந்திருந்தான். கூடவே பாடிப் பார்த்திருக்கிறான். எட்டவில்லை.

இரண்டு தட்டு என்றால் இறக்கு.

லோகநாதன் சொன்னதை எல்லாம் சொன்னேன். பேட்டரி, கட்டை, தப்பு, எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

"தப்பான கட்டைலயே இருக்கட்டும் மச்சான். அதுலதான் என் மூச்சு நிக்குது."

நீ பாடப்போவதில்லையே, அன்றைக்கு நான்தானே பாடுவேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

8 மே, செவ்வாய்

தந்தியை இறக்கலாம். எதுவரை இறக்குவது? காதில் இருக்கிறது என்று நினைத்தேன். நேற்று முழுக்க உயரத்தில் வாசித்து, பழைய சத்தம் காதைவிட்டுப் போய்விட்டது. தீர்ந்த பேட்டரி இரண்டையும் எங்கே எறிந்தேன் என்று காலையிலிருந்து தேடினேன். சாக்கடை ஓரத்தில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றைத் தமயந்தி எடுத்து, ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டையும் கழுவித் துடைத்து ஓட்டின் மேல் வெயிலில் வைத்தேன். காக்கை தூக்கிவிடுமோ என்று கூடவே நின்றேன். வெயில் பட்டால் கொஞ்சம் உயிர் வரும்.

மத்தியானம் போட்டேன். பெங்களூர்க்காரர் முனகினார். முனகல் தெளிந்து, பழைய கனத்த குரல் வந்தது. ஆறாவது தந்தியைக் கூட்டி முடிக்கும்போது மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. முந்திக்கொண்டேன்.

வாசித்தேன். சுவரில் தட்டு இல்லை. பாடுகிற சத்தம் வந்தது.

16 மே, புதன்

சாப்பிடவில்லையாம். கஞ்சி மட்டும்.

வாசித்தேன்.

23 மே, புதன்

பேச்சு குறைந்துவிட்டது. சுயபோதினியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். இதில் மீதி இருக்கிறதைப் படிக்கவே இல்லையே என்று வருத்தப்படுகிற மாதிரி அட்டையைத் தடவினான். நீ படித்த வரைக்கும் போதும், இடப்பக்கம் தடித்த தந்தி, அது போதும் என்றேன்.

"அது தெரியாமத்தான் நாலு நாளு என் உயிர வாங்குன" என்றான்.

30 மே, புதன்

நேற்றைக்குச் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

நேற்று விடிகிற நேரத்தில் சுவரில் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். முதல் தட்டு. கிட்டாரே எடுக்கவில்லையே, எதை நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது தட்டு. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வந்தது.

அதற்குப் பிறகு நான் எப்படி வாசல் தாண்டி அந்த வீட்டுக்குப் போனேன் என்பது தெரியாது. அவன் கை சுவரிலேயே இருந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்கு வர மாட்டார்கள் என்பதால் வீட்டு முன்னாலேயே பாடிவிடலாம் என்று ரோஸ்லின் சொன்னாள். எனக்கு அது சரி என்று பட்டது. பதில் சொல்ல என் கேங்கில் யாரும் இல்லை. யார் இருக்கிறார்களோ அவர்கள்தான்.

லோகநாதன் ஆர்மோனியத்தோடு வந்திருந்தார். நான் தந்தியைத் தொட்டதுமே, மூணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இன்னும் இறக்கத்திலேயே வைத்திருக்கிறீர்களே என்று காதில் சொன்னார். இதுதான் இந்தப் பாட்டின் கட்டை என்றேன். முணுமுணுத்தார். பிறகு அவரே ரெண்டரைக்குப் போய் விரலை வைத்துக்கொண்டார்.

ஈ மைனர் பிடித்தேன். சுண்டு விரல் நடுங்கவில்லை.

விளக்கு வந்தாச்சு, பில்லை வந்தாச்சு,
சூசைநாதன் ஏறிட்டானா?

ஒரு சத்தமும் இல்லை. கூடியிருந்த ஜனம் முழுக்க என்னையே பார்த்தது. இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஏ மைனருக்கு மாறுகிற இடம் வந்துகொண்டே இருந்தது. மாறினால் சூசைநாதன் விட்டுப்போவான். மாறாமல் இன்னொரு சுற்று அதே இடத்தில் சுற்றினேன்.

"ஏறிட்டான்."

ரோஸ்லின். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலிருந்து. முப்பது நாற்பது வருடமாக ஆல்பர்ட் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு அந்தப் பாட்டு தெரியாமலா இருக்கும்? எனக்குத்தான் தோன்றவில்லை.

கன்னியப்பன் பெயருக்குத் தமயந்தியும் சேர்ந்துகொண்டாள். ஆல்பர்ட் பெயருக்கு லைனில் இருந்த பெண்கள் எல்லோரும். ஏகாம்பரம் ஏறிட்டானா என்று கேட்டபோது ஆம்பளைகளும் சொன்னார்கள். தாழ்ந்த கட்டை என்பதால் கிழவன், கிழவி, எல்லோருக்கும் எட்டியது. யாருக்கும் மூச்சு அறவில்லை. லோகநாதனும் பாடினார்.

பிறகு எடுத்தோம்.

3 ஜூன், ஞாயிறு

இந்த டைரியை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் ரோஸ்லினைக் கூப்பிட்டேன். பயிற்சியை எழுதச் சொன்னது புத்தகம். பயிற்சிதான் முடிந்துவிட்டதே.

அவள் எழுதுகிற நோட்டை மூடவில்லை. கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுண்ணே சரிவரும்? புத்தகமா, கேசட்டா?" என்று கேட்டாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. (இருமலை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழுதவில்லை.)

படிக்கத் தெரிந்தவள், புத்தகமே போதும் என்றுதான் முதலில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் பாய் கடைப் புத்தகம் மாதிரி அதுவும் சி மேஜரில்தான் ஆரம்பிக்கிறது. அதில் ஆரம்பித்தால் நாளாகும். கேசட்டைக் கொடுத்தேன். டேப்ரிக்கார்டரையும் கொடுத்தேன். பேட்டரி பழையது, உள்ளேயே இருக்கிறது. புதுசு போடாதே, நின்றுபோனால் கொஞ்ச நேரம் வெயிலில் வை என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் எழுதியவளே அவள்தான், கேட்கவில்லை.

வரிசை மாறிவிடக் கூடாது, ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்கிறாள். சொல்கிறேன்.

சூசைநாதன் ஏறிவிட்டான். கன்னியப்பன் ஏறிவிட்டான். உன் ஆல்பர்ட் ஏறிவிட்டான். ஏகாம்பரம் ஏறிவிட்டான்.

கீழே இன்னும் நிற்பது பிலவேந்திரன்.